கணக்கில் போன இஞ்ஞாசி

இஞ்ஞாசி என்ற பெயரை விஜிலா முதன்முதலில் கேட்டபோதே அதோடு கணக்குப் பாடமும் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. அப்போது அவள் தருவைகுளத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. திரேஸ்புரத்தில் வாழ்க்கைப்பட்ட சித்தி பிலோமினா பஸ்ஸை விட்டு இறங்கி, வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே செய்தி சொன்னாள். "எல்லாத்துலயும் பாஸு. கணக்குல மட்டும் போயிட்டான் நம்ம இஞ்ஞாசி." யாரோ ஆஸ்பத்திரியில் கிடப்பதைச் சொல்லும் குரல்.

நம்ம இஞ்ஞாசி என்றால், பிலோமினாவின் கொழுந்தனுக்குப் பெண் கொடுத்த வீட்டுப் பையன். கீழவைப்பார் சூசையம்மாளின் மகள்வழிப் பேரன். தாத்தா பெயரையும் தாத்தாவின் அகன்ற நெஞ்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவன். சில வருடம் கழித்து அவனுக்கே விஜிலாவைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று அவள் அம்மா விசாரிக்கவில்லை. "கணக்குல போன இஞ்ஞாசியா?" என்றுதான் கேட்டாள். அவனேதான் என்றார்கள். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறான், நல்ல மூச்சு, குடி கிடையாது என்றும் சொன்னார்கள். கல்யாணம் ஆகிவிட்டது. கணக்கு மட்டும் அப்படியே நின்றது.

இப்போது நாற்பதைத் தாண்டிய இஞ்ஞாசி, விடிந்ததும் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவான். கையில் சாக்கட்டி. சிமெண்டுத் தரையில் ஒரு கணக்கை எழுதி, கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் பாதத்தால் தேய்த்து அழிப்பான். அவன் பாதம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். குசினியில் சமைத்துக்கொண்டே விஜிலா ஏதாவது சொன்னால் கழுத்தைத் திருப்பி வலது காதைக் காட்டுவான். இடது காது கேட்காது. கடலடியில் ஒருநாள் அது வெடித்து, காதில் ரத்தத்தோடு மேலே வந்தான். இன்னொரு தரம் இறங்கினால் மற்றதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேறு வேலை இல்லாமல் இல்லை. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிப் போகும் படகுகள் வைத்திருப்பவர் கிருபாநிதி அண்ணாச்சி. "ஒனக்கு எடம் இருக்குலே. ஆனா படகு ஓட்ட லைசென்சு எடுக்கணும். அதுக்குப் பத்தாவது பாஸ் வேணும்" என்றார். மற்ற பாடமெல்லாம் அந்தக் காலத்திலேயே தேறியாயிற்று. கணக்கு ஒன்றுதான் குறுக்கே கிடந்தது. காது போனபின் அதையும் எழுதிப் பார்த்தான். போயிற்று. மறுபடி எழுதினான். மறுபடியும் போயிற்று.

சுவரில் ஓர் ஆணியில் அவனுடைய ஈயப் பெல்ட் தொங்கியது. ஆளைக் கடலுக்குள் இழுத்து இறக்கும் ஈயக் கட்டிகள் கோத்த இடுப்புப் பட்டை அது. "இந்தத் தடவயும் போச்சுன்னா, அதக் கட்டிட்டு எறங்கிர வேண்டியதுதான்" என்று ஒருநாள் சொன்னான். சும்மா சொல்லவில்லை என்பது விஜிலாவுக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்தச் சுவரோரம் கூட்டும்போதுகூட அவள் ஆணியின் பக்கம் பார்ப்பதில்லை.

அவன் மூளை மந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வடிவியலை அவனே வழிக்குக் கொண்டுவந்துவிட்டான். வட்டத்தின் மையம் அவனுக்கு நங்கூரம். ஆரம் அவனுக்குக் கயிறு. "நங்கூரம் போட்ட போட்டு கயித்து நீளத்துக்குத்தான சுத்தும்?" என்பான். விகிதக் கணக்கை விரல் மடக்கியே முடிப்பான். அவனைக் கவிழ்த்தது மைனஸ். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்.

"மைனஸ் நாலு இண்ட்டு மைனஸ் மூணு?" என்று விஜிலா மீன் அறுத்துக்கொண்டே கேட்பாள். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள்.

"மைனஸ் பன்னெண்டு."

"ப்ளஸ் பன்னெண்டு. எத்தன தடவ சொல்லுதேன்!"

"ஏளா, மைனஸ்னா தண்ணிக்கு அடியில. அடியில கெடக்கவன் இன்னும் அடியில போனா எப்படி மேல வருவான்? பொணமாத்தான் மிதப்பான்."

"வாயக் கழுவுங்க. ரூலு அப்படி. கண்ண மூடிட்டு எழுதுங்க."

"கண்ண மூடிட்டு நான் ஒரு சங்கு எடுத்ததில்ல."

அதுதான் இஞ்ஞாசி. ஆழம் இவ்வளவுதான் என்று அடுத்தவன் சொன்னதைக் கேட்டு அவன் என்றைக்கும் இறங்கியதில்லை. நம்பாத விடையையும் எழுத மாட்டான். பரீட்சைத் தாளில் ப்ளஸ் என்று போட்டால் மார்க்கு வரும் என்று தெரிந்தே மைனஸ் போட்டுவிட்டு வந்தவன். அவனோடு சங்கு குளித்த கிளாட்வின் தெருவில் கண்டால் விடமாட்டான். "என்ன மச்சான், எக்ஸு சிக்கிச்சா? வலையப் போட்டுப் பாரேன்!"

இந்த வருடம் பரீட்சை நெருங்கிய சமயத்தில் கிளாட்வினின் படகில் ஆள் குறைந்தது. கயிறு பிடிக்க மட்டும் வருகிறேன் என்று இஞ்ஞாசி போனான். இறங்க மாட்டேன் என்று அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விஜிலா அனுப்பினாள். கடலில் கிளாட்வின் இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்து விழுந்தான். இடுப்பில் பெல்ட் இல்லை.

"பெல்ட்டு எங்கலே?"

"கழட்டி விட்டுட்டேன் மச்சான். காலு பிடிச்சி இழுத்துட்டு. ஈயம் போனதும் அதுவா மேல தூக்கிட்டு."

இஞ்ஞாசி அவனுடைய வெறும் இடுப்பையே பார்த்தான். கயிற்றைச் சுருட்டக்கூட மறந்து நின்றான்.

வீட்டுக்கு வந்தவன் ஈரக் கைலியை மாற்றவில்லை. சாக்கட்டியைத்தான் எடுத்தான்.

"ஏளா, ஈயம் எந்தப் பக்கம் இழுக்கும்?"

"கீழ."

"ஒரு கட்டி மூணு அடி இழுக்குன்னு வச்சிக்க. அது மைனஸ் மூணு. அப்படி நாலு கட்டியக் கழட்டிட்டேன். கழட்டுதது என்னது?"

"மைனஸ் நாலு."

"இப்ப நான் எங்கன இருக்கேன்?"

விஜிலாவின் கையில் பாதி செதில் எடுத்த ஊளி மீன். அப்படியே நின்றாள். "பன்னெண்டு அடி மேல" என்றாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "இதத்தான நான் இம்புட்டு நாளும் சொன்னேன்?" என்றாள்.

"நீ ரூலு சொன்ன" என்றான் இஞ்ஞாசி.

அதோடு சங்கடம் தீர்ந்துவிடவில்லை. புது வெறியில், இரண்டு மைனசைக் கண்டாலே மேலே வர ஆரம்பித்தான். மைனஸ் நாலோடு மைனஸ் மூன்றைக் கூட்டச் சொன்னாலும் ப்ளஸ் ஏழு என்றான். "ஈயத்த எங்க கழட்டுனீங்க? கூடக்கொஞ்சம்லா கட்டிருக்கீங்க!" என்று விஜிலா சத்தம் போட்டாள். இஞ்ஞாசி தரையைத் தேய்த்தான். எழுதினான். மறுபடியும் தேய்த்தான். கோவில் திருவிழாவுக்குப் போகவில்லை. மச்சினன் வீட்டு ஞானஸ்நானத்துக்கும் விஜிலாதான் தனியாகப் போய் வந்தாள். திரும்பி வந்து பார்த்தால் நடை முழுக்க எண்கள். கால் வைக்க இடமில்லாமல் சுவரோரமாக நடந்து உள்ளே போனாள்.

இன்று காலையில் பரீட்சைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துக் கிளாட்வின் வந்தான். வாழ்த்தத்தான் வந்தான். வாய் சும்மா இருக்கவில்லை. "பாசாகலன்னா ஒண்ணும் வெசனப்படாத மச்சான். போட்டுல ஒனக்கு எப்பவும் எடம் இருக்கு."

விஜிலா குசினி வாசலில் அசையாமல் நின்றாள். இஞ்ஞாசி பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். பிறகு உள்ளே போய், ஆணியில் இருந்து பெல்ட்டைக் கழற்றி வந்து கிளாட்வின் கையில் வைத்தான். கனத்தில் கிளாட்வினின் கை தாழ்ந்தது.

"ஒன் பெல்ட்டுதான் கடல்ல கெடக்கே. இத வச்சிக்க."

"ரிசல்ட்டு வரட்டும் மச்சான். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"ரிசல்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லலே. கணக்குல போகலன்னா பாஸு. போனா மறுபடியும் எழுதுவேன்."

காம்பஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். பின்னாலேயே போன விஜிலா பள்ளிக்கூட கேட்டோடு நின்றுகொண்டாள். அங்கிருந்தே ஜன்னல் வழியாக அவளுக்கு அவன் தெரிந்தான். தாளைக் கையில் வாங்கியதும், கடலில் இறங்குமுன் செய்வதுபோல நெற்றியில் சிலுவை போட்டு, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துக்கொண்டு குனிந்தான்.

இஞ்ஞாசி இப்போது பரீட்சை அறையில் இருக்கிறான். ஜன்னலோரம், கேட்கிற காதை வாத்தியார் பக்கமாக வைத்து உட்கார்ந்திருக்கிறான்.