கூண்டு சுத்தமாக இருந்தது

போன வருடம், ஏழாவது படிக்கும் என் மகள் பள்ளிச் சுற்றுலா போயிருந்த நான்கு நாட்களில், மதுக்கரையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எலி ஜாதியில் முயல்குட்டி அளவு இருக்கும் கினிபிக் ஒன்றை மகள் வளர்க்கிறாள். கிளம்பும்போது என் கையில் ஒரு நோட்டைத் திணித்தாள். "அம்மா, புல்லு மட்டும் போடுங்க. தெனமும் காலைல புழுக்கை எவ்வளவு போட்டிருக்குதுன்னு பாத்து இதுல எழுதோணும். கொறைஞ்சா உடனே டாக்டர்கிட்ட போயிரோணும்" என்றாள். இருக்கிற வேலையில் இதற்கு ஒரு நோட்டு வேறா என்று எனக்கு எரிச்சல்.

அன்று மதியமே உடுமலையிலிருந்து என் நங்கையா, அதாவது கணவரின் அக்கா, ஒரு பை தேங்காயோடு வந்தார். கூண்டைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஏன் அம்மணி, ஊட்டுல வளர்ற உசுருக்கு வெறும் புல்லையா போடுவ? பாவம்!" என்று தேங்காய்க் கீற்று, ஊறவைத்த அரிசி, வெல்லம் என்று ஊட்ட ஆரம்பித்தார். எங்கள் பக்கம் பெரியவர்கள் ஆசையாகப் போடுவதை வேண்டாம் என்று சொன்னால் அது பெரிய மரியாதைக் குறைச்சல். நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அடுப்படியில் நின்றபடியே நோட்டில் 'நிறைய' என்று எழுதிவிட்டேன். அப்புறம் கூட்டப் போனால் கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. அப்பாடா, வேலை மிச்சம் என்று நினைத்தேன். எழுதியதைத் திருத்தவில்லை. அடுத்த நாளும் அதே கதைதான்.

ஃப்ரிட்ஜைத் திறந்தாலே கீச்சென்று கத்தும் அது, அந்த மூன்றாம் நாள் கத்தவில்லை. முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குறுகிக் கிடந்தது. வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

முதலில் போன கிளினிக்கில் ஒருவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "நாய், பூனை மட்டும்தானுங்க. எலியெல்லாம் பாக்கறதில்லீங்க" என்றார். "எலி இல்லைங்க, எம்புள்ளையோட உசுருங்க அது!" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டிலிருந்த நங்கையாவுக்குப் போன் போட்டேன். "உங்க தேங்காயும் வேண்டாம், உங்க பாசமும் வேண்டாம். கொன்னுபோட்டீங்களே!" என்றேன். பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தேன்.

ஊருக்குள் இன்னொரு டாக்டரம்மா பார்த்தார். "கடைசியா எப்பங்க புழுக்கை போட்டுச்சு?" என்று கேட்டார். இருந்த கோபத்தில் அதில் என்ன எழுதினேன் என்பதையே மறந்து, மிடுக்காக நோட்டை நீட்டினேன். படித்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"குடல் ரெண்டு நாளா ஓடவே இல்லைங்க. இதுல நிறையன்னு எழுதியிருக்கறீங்க?"

"சும்மா எழுதிப்போட்டேனுங்க..."

"இதுகளுக்கு ஒரு நாள் வயிறு நின்னாலே ஆபத்துங்க. மொத நாளே வந்திருந்தா சீக்கிரமா சரி பண்ணியிருக்கலாம். இப்ப என்னால உறுதி சொல்ல முடியாதுங்க." அவர் கோபத்தை மறைக்கவில்லை. எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஊசி போட்டார். சிரிஞ்சில் புல்மாவைக் கரைத்து ஊட்டச் சொல்லிக் கொடுத்தார். வீடு திரும்பியபோது நங்கையா உடுமலைக்குப் பஸ் ஏறியிருந்தார். ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போயிருக்கிறார்.

மறுநாள் மதியம் அரிசி அளவுக்கு இரண்டே இரண்டு புழுக்கை போட்டது. தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கையோடு நங்கையாவைப் போனில் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"புழுக்கை போட்டுச்சா கண்ணு?"

அன்றைக்கு எதிரே வந்தவர்கள் மேலெல்லாம் பாய்ந்தேன். அந்தக் கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது, ஒரு நிமிடம் குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டுப் பொய் எழுதிய என் மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.