முதல் வாய்

தட்டு வந்ததும் நாங்கள் மூவரும் கையை மடியில் வைத்துக்கொண்டோம். எங்கள் தோழி கரண்டி மட்டும் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அரை வட்டம் திருப்பி, ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே மென்றாள். கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. விழுங்கிவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "எடுக்கலாம்" என்றாள். மூன்று கைகள் ஒரே நேரத்தில் தட்டுக்குப் போயின.

நான்கு பேருக்கும் ஒரே தட்டு. எந்த நாட்டுக்குப் போனாலும் இதுதான் ஏற்பாடு. ஒரு கடையிலேயே வயிறு நிறைந்துவிட்டால் அடுத்த கடையை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். கையிருப்பும் அப்படித்தான். தங்குவது அடுக்குக் கட்டில் போட்ட பொது அறையில். போக வர டவுன் பஸ். அருங்காட்சியகங்களை வெளியே நின்று பார்ப்போம். சந்தைகளை மட்டும் உள்ளே போய், ஒரு சந்து விடாமல் பார்ப்போம்.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளர், அங்கே மேடம். எங்கள் மூவருக்கும் கரண்டி. ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம் கட்டியிருப்பாள். அதன் வாரில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். கடையில் எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பாள். பழம், பாத்திரம், செருப்பு எதுவானாலும் சரி. "முகத்தைப் பாத்து சாமான் எடுக்கக் கூடாதுடி. முகத்தை எல்லாரும் துடைச்சுதான் வெச்சிருப்பாங்க."

எந்த ஊர்ச் சந்தையிலும் அவள் நம் மொழியில்தான் பேசுவாள். "அண்ணே, இது நேத்துப் பிடிச்சதா, இன்னைக்கா?" மீன்காரர் அவர் மொழியில் ஏதோ சொல்வார். இவள் எங்கள் பக்கம் திரும்பி, "இன்னைக்காம்" என்பாள். எங்களில் டீச்சராக இருக்கிறவளுக்கு ஒருமுறை பொறுக்கவில்லை.

"உனக்கு எப்படிடி புரிஞ்சுது?"

"பொய் சொல்றவன் மீனைப் பாத்துச் சொல்லுவான். இவர் என்னைப் பாத்துச் சொன்னாரு."

'எடுக்கலாம்' என்று சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பிடித்த கட்டம் வரும். மென்றதைப் பற்றி அவள் பேச ஆரம்பிப்பாள். "கடுகு இல்ல, ஆனா கடுகுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி யாரோ உள்ள இருக்கா." "புளிப்பு முன்வாசல்ல வரல, கொல்லைப்புறமா வருது, பொறு." பொறுத்தால் வரும். அவள் சொல்லாவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

இளவயதில் நாங்கள் இருந்த, வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் எங்களுடையது மூன்று கட்டில் அறை. வங்கிக்காரி சன்னல் ஓரம், டீச்சர் சுவர் ஓரம், நடுவில் நான். ஒருநாள் வார்டன் நான்காவது கட்டிலைக் கொண்டுவந்து கதவை ஒட்டிப் போட்டுவிட்டுப் போனார். அதில் வந்து உட்கார்ந்தவள்தான் இவள். அதன் பிறகு கதவு பாதிதான் திறந்தது. உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நுழையும்போதெல்லாம் எங்களுக்குக் கோபம் வரும். பல நாள் அவளிடம் நாங்கள் பேசிய ஒரே வார்த்தை, "தள்ளு."

ஒரு மாலை கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். "இன்னைக்குக் கீழ போகாதீங்க. எண்ணெய் சரியில்லை" என்றாள். நாங்கள் பட்டினிக்குப் பயந்து அவள் வைத்திருந்த ரொட்டியையும் வாழைப்பழத்தையும் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து தின்றோம். விடிந்ததும் விடுதி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரிசையில் நின்றது. நாங்கள் நால்வரும் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தோம். அன்றிலிருந்து அவள்தான் முதலில் இறங்கிப் போவாள். அவள் தலையாட்டினால் நாங்கள் இறங்குவோம். கரண்டி என்ற பெயர் அப்போது வந்தது.

பல வருடம் கழித்து, அவள் கல்யாணத்தில், பந்தியில் அவளை முதல் வாய் எடுக்கச் சொல்லிக் கலாட்டா செய்தோம். மாலையைக் கழுத்தில் ஒதுக்கிவிட்டு எடுத்தாள். "நாக்குதான்டி உங்க ரூமுக்கு நான் குடுத்த வாடகை" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அது வேடிக்கைக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தோம்.

நான் சொல்ல வந்த பயணத்தில், முதல் நாள் சாயங்காலமே ஏதோ மாறியிருந்தது. வழக்கமாகச் சந்தைக்குள் நுழைந்ததும் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு முன்னால் போவாள். நாங்கள் பின்னால் ஓடுவோம். இந்த முறை ஒவ்வொரு கடைக்கும் எதிரே நின்று, சாப்பிடுகிறவர்களின் முகங்களைப் பார்த்தாள். யார் தட்டை வழித்தார்கள், யார் மிச்சம் வைத்தார்கள் என்று கவனித்தாள். கடைசியில் கூட்டமாக இருந்த ஒரு சூப் கடையில் உட்கார்த்தினாள். அடிப்பிடித்த வாசனை தெருமுனையிலேயே எங்களுக்கு வந்துவிட்டிருந்தது. நாங்கள் வாய் திறப்பதற்குள் அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "எடுக்கலாம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னடி இருக்கு இதுல?" என்றாள் டீச்சர்.

"எல்லாம் இருக்கு. குடி."

டீச்சர் சாதாரண ஆள் இல்லை. கல்யாண வீட்டில் காபியைத் திருப்பி அனுப்புகிறவள். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், குடித்தாள். வங்கிக்காரி குடித்தாள். நானும் குடித்தேன்.

கரண்டி கை கழுவக் குழாய்க்குப் போனபோது வங்கிக்காரி சொன்னாள்: "மூக்கு போயிருச்சு. மழையில காய்ச்சல் வந்து படுத்தாளே, அதுலதான் இருக்கும்."

"கேட்டுடலாமா?"

"கேளு. நாளைக்கு ரூமை விட்டு வெளிய வர மாட்டா. அடுத்த தடவை லீவு கிடைக்கலம்பா."

"அப்போ?"

"அப்போ என்ன. தின்னு."

அப்படியே தின்றோம். உப்புக் கரித்த மீன், பழுக்காத பழம், எண்ணெய் காறிய வறுவல். அவள் எடுக்கலாம் என்றவற்றையெல்லாம் எடுத்தோம். இடையிடையே நல்லதும் கிடைத்தது. அப்போது நாங்கள் போட்ட கூச்சல் கொஞ்சம் அதிகம்தான். அவள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். விழுங்கும்வரை பார்ப்பாள்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் மளிகைச் சந்துக்குப் போனோம். ஒரு பெண் தரையோடு தரையாக உட்கார்ந்து வறுத்த கொட்டைகளையும் உலர்ந்த பழங்களையும் காகிதப் பொட்டலம் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். எதிரே சின்னச் சின்னக் கிண்ணங்களில் ருசி பார்க்க வைத்திருந்தாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினாள். கிண்ணங்களின் ஓரத்தில் ஒரு அகலமான சட்டி, அதில் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ இருந்தது. கரண்டி அதில் விரலை விட்டு வழித்து வாயில் வைத்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"எடுக்கலாம்."

டீச்சர் விரலை விட்டாள். பிறகு வங்கிக்காரி, பிறகு நான். நனைந்த சுவரை நக்கியது போலிருந்தது.

அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பக்கத்துக் கடையைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். மடியின் அடியிலிருந்து ஒரு தூரிகையை எடுத்து, சட்டியில் தோய்த்து, ஒரு காகிதத்தின் ஓரத்தில் தடவி மடித்து ஒட்டி, பொட்டலத்தை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். மைதா மாவில் காய்ச்சிய பசை. சந்தே சிரித்தது. குடை ரிப்பேர் செய்கிறவர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். நரைக்கத் தொடங்கிய நான்கு பெண்கள் வரிசையாகப் பசை தின்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கரண்டிதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"ஏய். பசை புளிச்சிருந்துதா?"

டீச்சர் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வெயில்ல புளிக்காம இருக்காது. கிட்டப் போனாலே நாறியிருக்கும். நீ ஏன்டி விரலை விட்ட?"

"நீ எடுக்கலாம்னியே" என்றாள் டீச்சர்.

"நான் சொன்னா?"

"நீ சொன்னா."

கரண்டி எங்கள் மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்தாள். சந்தையின் பின்பக்கம், காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் ஒரு படி கீழே உட்கார்ந்தோம்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"சூப்லேர்ந்து."

"சூப்புக்கு என்ன?"

"அடிப்பிடிச்சிருந்துச்சு."

"ரொம்பவா?"

"ஹாஸ்டல் பால் அளவுக்கு" என்றேன்.

"அடிப்பாவிகளா. அதையா முழுசும் குடிச்சீங்க?"

பிறகு அவளாகவே சொன்னாள். காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன அன்று கிடங்கு வாசலில் டீசல் பீப்பாய் சரிந்து கொட்டியிருந்தது. "எல்லாரும் மூக்கைப் பொத்திட்டு ஓடுறாங்க. நான் நடுவுல நின்னுட்டு என்னய்யா, என்னாச்சுன்னு கேட்டுட்டு இருக்கேன். அப்போதான் எனக்கே தெரிஞ்சுது." டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்றிருக்கிறார். வீட்டில் எல்லாவற்றையும் அளந்துதான் போடுகிறாள். யாரும் குறை சொன்னதில்லை. யாரும் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை.

"எங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொல்லிட்டு? நீங்க என்னைக் கூட்டிட்டு வர்றது இதுக்குத்தானே. இது இல்லாம நான் எதுக்குடி?"

வங்கிக்காரிதான் பதில் சொன்னாள்.

"கதவை மறிச்சுட்டுப் படுக்க ஆள் வேணாமா?"

கரண்டி அவள் தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒழுகுறதுக்கு மட்டும் நல்லா இருக்கு" என்றாள்.

வெயில் படியேறி எங்கள் கால்வரை வந்தது. பெட்டிகளை எடுக்க ஒருவர் வந்தார். எழுந்து வழிவிட்டோம்.

மறுநாள் காலையில் துணிகளை மடித்துப் பைகளில் திணித்துவிட்டு மீன் சந்தைக்குப் போனோம். ஒரு தட்டு வாங்கினோம். கரண்டி தட்டை வங்கிக்காரி பக்கம் தள்ளினாள். வங்கிக்காரி ஒரு வாய் போட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள்.

"நல்லா இருக்குன்னா? கிடங்குல வந்து ஒரு சாமான் குடுன்னா எதை எடுத்துக் குடுப்பேன்? எந்த வண்டி, எந்தப் பக்கம்? ஒழுங்காச் சொல்லு."

வங்கிக்காரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி மென்றாள். உப்பு இருக்கிறது என்றாள். புகை இருக்கிறது, ஆனால் விறகுப் புகை இல்லை, காய்ந்த இலையை எரித்த மாதிரி என்றாள். டீச்சர் குறுக்கே புகுந்து, இலையெல்லாம் இல்லை, பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி என்றாள். இருவருக்கும் சண்டை வந்தது. கரண்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, சண்டை முடியும்வரை மென்றுகொண்டிருந்தாள்.

பஸ் தாமதமாக வந்தது. விமான நிலையத்தில் பைகளை எடை போட்டார்கள். டீச்சரின் பை கனம் அதிகம் என்றார்கள். அவள் இரண்டு சட்டைகளை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். மலிவு டிக்கெட் என்பதால் விமானத்தில் சாப்பாடு கிடையாது. கிளம்பியதும் மூவரும் தூங்கப் பார்த்தோம். கரண்டி சந்தையில் வாங்கிய இனிப்பு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு துண்டைப் பிட்டாள். பக்கத்தில் டீச்சர் வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கரண்டி அவள் தோளைத் தட்டி எழுப்பி, துண்டை அவள் வாயருகே நீட்டினாள்.