லீவு சித்தி

எங்கள் கிராமத்துக்குப் பரம்பரைப் பெருமை கிடையாது. கொள்ளைநோய் ஊர் ஊராக வாரிக்கொண்டுபோன வருஷம், தாய் தகப்பன் இல்லாமல் மிஞ்சிய பிள்ளைகளுக்காகத் தரிசு நிலத்தில் மூன்று வீடு கட்டினார்கள். இப்போது பன்னிரண்டு. வீட்டுக்கு ஒரு அம்மா, எட்டுப் பிள்ளைகள். அந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. எட்டுத் தலைக்கும் பேன் பார்த்து முடிப்பதற்குள் முதல் தலையில் மறுபடி ஊறும். அப்படிப்பட்ட உத்தியோகம்.

அம்மாவும் மனுஷிதானே, மாதத்தில் நாலு நாள் லீவு உண்டு. அந்த நாலு நாளும் வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறவள்தான் லீவு சித்தி; எங்கள் வரிசை ஆறு வீட்டுக்கும் இவள்தான். இளவயதில் வந்தவளுக்கு, வீடு வீடாகப் பையைத் தூக்கியே தலை நரைத்துவிட்டது. எந்த அடுப்பு மக்கர் பண்ணும், எந்தப் பிள்ளை படுக்கையை நனைக்கும், எல்லாம் அத்துப்படி. அவளுக்கென்று ஒரு கட்டில்தான் இல்லை.

அவள் பையை எடுத்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். சித்தி கிளம்பினால் அம்மா வருகிறாள் என்று அர்த்தம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ராத்திரியெல்லாம் மூக்கைச் சிந்திவிட்டவளுக்கு இதுதான் மரியாதையா?

ஒரே ஒரு முறை என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள்: "நான் போறேன்னா ஒரு பிள்ளையாவது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கணும்க்கா. அது போதும்."

போன வருஷம் என் பக்கத்து வீட்டு அம்மா ஓய்வுபெற்றாள். அந்த வீட்டைச் சித்திக்கே கொடுத்தார்கள். முட்டி தேய்ந்த பிறகு கிடைத்த வீடு. பிள்ளைகள் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டார்கள். கடைக்குட்டி தினமும் வாசலில் நின்று, அம்மாவுக்கு லீவு எப்போது முடியும் என்று கேட்டுச் சித்தியின் உயிரை எடுத்தாள். அம்மா இனி வரமாட்டாள் என்று சொல்லிச் சொல்லி இவளுக்கு வாய் வலித்தது. தன் லீவை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டாள். கைதட்டலுக்குப் பயந்துதான். கடைசியில் குழம்பைக் கிளறிக்கொண்டே தூங்க ஆரம்பித்ததும், நான் சண்டை போட்டு லீவு எடுக்க வைத்தேன்.

நேற்றுப் பையோடு படியிறங்கினாள். யாரும் கைதட்டவில்லை. கடைக்குட்டி ஓடிவந்து பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் போய்ட்டா, அப்புறம் யாரு வருவா?"

சித்தி அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். கண்ணெல்லாம் தூக்கம்.

"நாலு நாள் நல்லாத் தூங்கணும்னு இருந்தேன்க்கா" என்றாள் என்னிடம்.

பையை நான்தான் உள்ளே எடுத்துப்போய் வைத்தேன்.