சுந்தரவல்லி கட்டிய ஆன்டெனா

தியாகராய நகரில் ராஜரத்தினத்தின் ஜவுளிக்கடைக்குப் போனவர்களுக்கு அவர் மனைவி சுந்தரவல்லியைத் தெரியாமல் இருக்காது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடுவாள். கூட்டம் குறைந்தால் யார் வீட்டு ரேடியோவையாவது குடைந்துகொண்டிருப்பாள். பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்துவிட்டு ஜவுளிக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். படித்த படிப்பு புடவை மடிக்கத்தானா என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் அதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சென்னைக்கு டெலிவிஷன் வந்ததும் அந்தத் தெருவில் பாதி வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்தது அவள்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏணி ஏறுகிற அழகு இருக்கிறதே, அடடா!

அவளுக்கு மீன் கொடுப்பவள் பாலவாக்கத்துக் குப்பம்மா. ஒரு நாள் கூடையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னாள்.

"எம்மா, நம்ம வசந்தி டிவில பாடப் போறாம்மா! வர்ற ஞாயித்துக்கெயம சாயங்காலம்."

மகளைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் அடுத்த மூச்சில் அழுதுவிட்டாள். வசந்தி பாடப்போவது அவள் அப்பா தேசப்பன் வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு. தேசப்பனோ நெஞ்சில் நீர் கோத்துப் பாயோடு பாயாகக் கிடந்தார். வைத்தியர் கையை விரித்துவிட்டார். வண்டியில் ஏற்றினால் உயிர் தாங்காது. நிகழ்ச்சியோ நேரடி ஒளிபரப்பு. அந்த நேரத்தில் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

"பொண்ணு பாடறத பாக்காமயே பூடுவாரு போலக்கீதும்மா."

"அவரு எங்கயும் வர வேண்டாம். டிவி அவருகிட்ட வரும். நீ கண்ணைத் தொடச்சுக்கோ" என்றாள் சுந்தரவல்லி.

சொல்வது சுலபம். வீட்டு டிவியைக் கடை வேனில் ஏற்றிப் பாலவாக்கம் கொண்டுபோய்ச் சாதாரண ஆன்டெனாவை மாட்டிப் பார்த்தாள். திரை முழுக்கப் புள்ளி. காது முழுக்க இரைச்சல். சரி, இதற்கு யாகி ஆன்டெனாதான் கட்ட வேண்டும் என்று உட்கார்ந்தாள். ஒரே தண்டில் ஐந்து அலுமினியக் கம்பி. எல்லாவற்றுக்கும் பின்னால் நீளமான கம்பி; அது அலையைத் தடுத்து முன்னே தள்ளும். அதற்கடுத்தது அலையை வாங்கி டிவிக்கு அனுப்பும். முன்னால் இருக்கிற மூன்றும் வரவரக் குட்டை. அவை அலையை ஒரே திசையிலிருந்து இழுத்துக் கொடுக்கும். எல்லாம் நீளத்தில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டு, அழித்து, மறுபடி போட்டாள். கம்பி வெட்டித் தருகிற பொறுப்பை ராஜரத்தினம் கேட்டு வாங்கிக்கொண்டார். காலமெல்லாம் அளந்து வெட்டிய கை அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பாலவாக்கத்தில் குப்பம்மாவின் பக்கத்து வீட்டு லாசர் தன் வீட்டிலிருந்து கரண்டு இழுத்துக் கொடுத்தார். ஆன்டெனா மாட்டிய கம்பத்தை வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி அவரே கூரைக்கு மேல் நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, வஞ்சிரம் முள்ளாட்டம் கீது!" என்று குப்பம்மா வாயைப் பிளந்தாள்.

டிவியைப் போட்டார்கள். பழையபடி புள்ளி, பழையபடி இரைச்சல். தலையணையில் சாய்ந்திருந்த தேசப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வசந்தி பாட ஆரம்பித்துவிடுவாள்.

"திருப்புங்க லாசர், இன்னும் திருப்புங்க!"

லாசர் திருப்பிக்கொண்டே போனார். ஒளிபரப்பு வருகிற நகரத்துக்கு ஆன்டெனா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது ஒரு ஆள் உருவம் மங்கலாகத் தெரிந்தது. முதுகுப் பக்கமா? இது என்ன கூத்து! முன்னால் இருக்கிற கம்பிகள் அளவைவிட நீளமாக இருந்தால் மட்டும்தான் இப்படி ஆகும். அவள் மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நான் சொன்ன அளவுக்குத்தான வெட்டுனீங்க?"

"பின்ன? அளவுக்கு மேல நாலு விரல் விட்டுல்லா வெட்டியிருக்கேன்" என்றார் ராஜரத்தினம் பெருமையாக. "ஒரு நல்ல காரியம். குறைஞ்சிரக் கூடாதுல்லா?"

அந்தக் கடையில் எவருக்குத் துணி கிழித்தாலும் அளவுக்கு மேல் நாலு விரல் தள்ளித்தான் கத்திரி வைப்பார்கள். தைக்கிற இடத்தில் குறையென்று ஒருத்தர் திரும்பி வந்ததில்லை. அந்தக் கை கம்பிக்கும் தாராளம் காட்டிவிட்டது!

"ஐயோ, எங்க ராசா!" என்று சுந்தரவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே ஒரு சண்டை நடந்திருக்கும். அவளோ கம்பத்தை இறக்கச் சொல்லி, ரம்பத்தை எடுத்துக்கொண்டு மணலில் மண்டி போட்டாள். ஒவ்வொரு கம்பியிலும் இந்த முனையில் இரண்டு விரல், அந்த முனையில் இரண்டு விரல். ராஜரத்தினம் முகம் சுருங்கிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவள் கவனிக்கவில்லை.

லாசர் மறுபடி ஏற்றி, நகரத்தைப் பார்க்கத் திருப்பினார்.

பளிச்சென்று வசந்தி! மூக்குத்தி முதற்கொண்டு தெரிந்தது. பாட்டு பாதிக்கு வந்திருந்தது. தேசப்பனின் உதடு மட்டும் மகளோடு சேர்ந்து அசைந்தது.

"மூச்ச எங்க வுடணும்னு தெரிஞ்சிக்கினா பாரு, கயித" என்றார். அவர் கண்ணிலிருந்து நீர் காதோரம் வழிந்தது. சுந்தரவல்லி சுவரில் சாய்ந்துகொண்டு விம்மி விம்மி அழுதாள்.

பாட்டு முடிந்து வேறொருவர் வந்து என்னவோ பேச ஆரம்பித்தார்.

தேசப்பன் சுந்தரவல்லியைப் பார்த்தார். "தாயி, இன்னொரு தபா போடும்மா."

நேரடி ஒளிபரப்பு; போனது போனதுதான், எந்த ஆன்டெனாவாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அப்போது குப்பம்மா புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கூடை தூக்கிக் கூவிக் கூவிக் கட்டிப்போன குரலில் அந்தப் பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். லாசர் 'ஐலசா' என்று பின்பாட்டுக் கொடுத்தார். தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

சுந்தரவல்லி எழுந்து போய் டிவியை அணைத்தாள்.