செம்மண்ணில் இறங்கிய ஜெட்

சிங்கப்பூர் தேக்காவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "அந்தோணி அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்கிறீர்கள். உங்கள் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலை உங்களிடமே சொல்லாமல் இருக்கலாமா?

சென்ற ஜூன் மாதம் நானும் என் கணவர் அந்தோணியும் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணையில் தங்கியிருந்தோம். வேலை ஓய்வுக்குப் பிறகு அந்தச் செம்மண் பூமியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒருநாள் காலை, டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

பண்ணைக்கார அம்மா அவசர மருத்துவ உதவிக்கு ஃபோன் செய்தார். அவர்கள் சொன்ன மாத்திரையைக் கொடுத்தார். பெரிய மருத்துவமனைக்குக் காரில் போக ஒரு பகல் முழுக்க ஆகுமாம்.

"பயப்படாதீங்க. விமானம் வருது. இங்கேயே இறங்கும்" என்று வேலிக்கு அப்பால் கைகாட்டினார். அங்கே தார் இல்லை, சிமெண்ட் இல்லை. வெறும் மண்ணும் சரளைக்கல்லும்தான்.

நம் ஜெபக் குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "அவருக்கு நெஞ்சுவலி. ஜெபம் பண்ணுங்க." அவர் பக்கத்திலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவரை விட்டுடாதீங்க."

வானத்தில் இரைச்சல் கேட்டது. என் கணவர் கண்ணைத் திறக்காமலே முனகினார்.

"இது ஜெட் சத்தம், மேரி. நமக்கு இல்ல. ஜெட் மண்ணுல இறங்காது லா. கல்லு எஞ்சினுக்குள்ள போயிடும்."

பல வருடம் சாங்கி விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாமான் ஏற்றியவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு நெஞ்சு உடைந்துவிட்டது. ஆண்டவரே, எங்களைக் கடந்து போகிறீர்களா?

ஆனால் அந்தச் சத்தம் தேயவில்லை. தாழ்ந்து வந்தது. வெள்ளை நிறச் சின்ன ஜெட் ஒன்று வளைந்து திரும்பி, செம்புழுதி பறக்க அந்த மண்ணில் இறங்கி, கொஞ்ச தூரத்திலேயே நின்றது. நான் அழுகையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்பக்கம் அகலமான கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரோடு அப்படியே உள்ளே ஏற்றினார்கள். ஊசி போட்டார்கள். மேலே பறக்கத் தொடங்கியதும் என் கணவர் நர்ஸின் கையைத் தொட்டார்.

"இந்த மண்ணுல எப்படிம்மா இறக்கினீங்க?"

நர்ஸுக்குத் தமிழ் புரியாது, ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. நான் மொழிபெயர்த்தேன். நர்ஸ் சிரித்துவிட்டார். எஞ்சின்கள் பின்னால், இறக்கைக்கு மேலே உயரமாக இருப்பதால் கல் எளிதில் ஏறாதாம். மண்ணில் புதையாத அகலமான டயர்களாம். இதற்காகவே செய்த ஜெட்டாம். "அப்படியா!" என்றார் என் கணவர். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. சாகப் போகிறவர் இப்படிக் கேள்வி கேட்பாரா?

அன்றே பெரிய மருத்துவமனையில் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கினார்கள். "ரோட்டு வழியா வந்திருந்தா தாங்கியிருக்க மாட்டார்" என்றார் டாக்டர்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த என் கணவர், இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் செங்காங்கில் நடக்கும் நம் ஜெபக் கூட்டத்தில் உட்காருகிறார். பைபிளைத் திறந்தால் ஓயாமல் கேள்விதான். பாஸ்டரே சில நாள் திணறுகிறார். கேட்க என் கணவருக்குக் கூச்சமே இல்லை.

என் ஆண்டவருக்குக் கோடி நன்றி. "இங்கே உதவி வர வழியே இல்லை" என்று இன்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அவரைக் கூப்பிடுங்கள். எப்படி வருவார் என்று எனக்குத் தெரியாது. வருவார்.