பூத்தால்தான் கல்யாணம்

அக்காவுக்குச் சிலிம் ரிவர் ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். தை மாதக் கடைசியில் கல்யாணம். அப்பா செய்த முதல் காரியம், ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில் அம்மனுக்குச் சாத்திக் காய்ந்துபோன செண்டுமல்லி மாலைகளைக் கேட்டு வாங்கி வந்ததுதான். பூவை உதிர்த்தால் விதை. ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகளில் விரிசல் விட்டதாகப் பார்த்துப் பொறுக்கி, மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு விதை போட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக் குடும்பம். பால்வெட்டுக்காரன் வீடுதானே என்று அவர்கள் மூக்கைச் சுளிக்கக் கூடாது. அன்றைக்கு எங்கள் லயத்து வீட்டு வாசல் மஞ்சளாய் நிற்க வேண்டும். அதுதான் அப்பாவின் எண்ணம்.

நாற்றை எடுத்து இரண்டு வரிசையாக நட்டார். சுவர் ஓரத்து வரிசை என் பொறுப்பு, கால்வாய் ஓரத்து வரிசை அவருடையது. மொட்டு வைக்க வைக்கக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் செடி கிளைவிட்டுப் புதராகும்.

“பொங்கலோட நிறுத்திரணும். அதுக்கப்புறம் ஒண்ணையும் தொடாதே. கல்யாணத்தன்னிக்கு எல்லாம் ஒண்ணா பூத்திரும்” என்றார்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்: “என்னண்ணே, பூ பூக்காட்டி பொண்ணைக் கொடுக்க மாட்டீங்களோ?”

“ஆமாலா. பூத்தாத்தான் கல்யாணம்.”

அத்தை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது; அப்பா சொன்னால் சொன்னதுதான். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்துக்கொண்டதும் அக்காதான். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

பொங்கல் முடிந்தது. நான் நிறுத்தவில்லை. பள்ளி விட்டு வந்ததும் குனிந்து, இலைக்குள் ஒளிந்திருக்கும் பட்டாணி மாதிரியான மொட்டுகளைத் தேடித் தேடிக் கிள்ளிக் கால்வாயில் விட்டேன். அவை தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ரப்பர் மரங்கள் சிவந்து இலை உதிர்க்கும் காலம் அது. காற்றே இல்லாமல் இலைகள் சுற்றிச் சுற்றி இறங்கும். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் அப்பாவின் தலைவிளக்கு, கால்வாய் ஓரமாக ஒவ்வொரு செடியிடமும் நின்று நின்று நகரும். பாதித் தூக்கத்தில் அதைப் பார்ப்பேன். நட்சத்திரம் ஒன்று தண்ணீர் ஊற்றுகிறது என்று தோன்றும்.

கல்யாணத்தன்று இரண்டு வரிசையும் பச்சைப் பசேலென்று நின்றன. ஒரு பூ இல்லை.

“என்னண்ணே இது, கீரைப் பாத்தி மாதிரி இருக்கு?” என்றாள் அத்தை.

“வெத சரியில்லலா” என்றார் அப்பா. அம்மன் கழுத்து மாலையின் விதையைக் குறை சொல்கிறாரே என்று எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம், பூ இல்லாமலே மேளம் அடிக்கத் தொடங்கியது. தாலி கட்டினார்கள். சாயங்காலம் அக்கா வேனில் ஏறிப் போனாள்.

பதினைந்து நாள் கழித்து மறுவீட்டுக்கு அக்கா வந்தபோது வாசல் முழுக்க மஞ்சள். கண் கூசியது. வண்டியிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்.

“நான்தான்க்கா கிள்ளுனேன். பொங்கலுக்கு அப்புறமும் கிள்ளுனேன். அப்பாகிட்ட சொல்லாதே.”

“எல்லாத்தையுமா?”

“இல்ல, செவுத்தோர வரிசை மட்டும். கால்வாயோர வரிசை அப்பாவோடது, அத நான் தொடவே இல்ல.”

அக்கா கால்வாய் ஓரத்து வரிசையைப் பார்த்தாள். கல்யாணத்தன்று அதிலும் ஒரு பூ இல்லை; அதுவும் இப்போதுதான் பூத்திருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் மாப்பிள்ளைக்கு நாற்காலி எடுத்துப்போடும் அவசரத்தில் இருப்பதுபோல, ஏற்கெனவே போட்டிருந்த நாற்காலியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கல்யாணத்துக்குப் பூ இல்லாமல் போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய், இரண்டு வரிசையிலும் மாறி மாறிப் பறித்து, பாவாடை நிறையக் கொண்டுவந்து அவள் மடியில் கொட்டினேன்.