வெறுங் கோது

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு எடுக்கப்படவில்லை. இதைச் சொல்லத் தொடங்கும்போதே எனக்குக் கொதி ஏறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே வீட்டுக்காரர் இருந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான், வந்து கனகாலம். வேலையிடத்துச் சிநேகிதர்களோடு மான் வேட்டைக்குப் போகப் பழகியவர், பிறகு தோட்டாவையும் வீட்டிலேயே செய்யத் தொடங்கிவிட்டார். அதற்கு அவருக்குக் கிடைத்த இடம் எங்கள் படுக்கையறைக்கு அடுத்த லோன்றி அறை. நான் உடுப்புத் தோய்க்கப் போனால் வோஷிங் மெஷினுக்கு மேலே பித்தளைக் கோதுகள் பரவிக் கிடக்கும்.

சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை எங்கள் ஊரில் கோது என்போம். அதன் அடியில் சின்னப் பொத்தான் போல ஒன்று இருக்கும். பிரைமர் என்பார்கள். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால்தான் வெடி பற்றும். வெடித்து முடிந்த பிரைமரைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டால் கோதைத் திரும்பவும் பாவிக்கலாம். இவர் எங்கேயோ வாங்கி வந்த பழைய இராணுவக் கோதுகளில் அது இறுகிப்போய் வர மறுத்தது. பிரைமர் கழற்றும் மெஷினின் ஊசியே வளைந்துவிட்டது. உடனே அவருக்கு என் கணவரின் ஞாபகம் வந்துவிட்டது.

“தம்பி, ஆணியும் சுத்தியலும் தாறன். சும்மா இருக்கிற நேரம் ஒருக்கா தட்டிக் கழட்டி விடுமன்.”

“உந்த வெடிச் சாமானோடை எங்களுக்கு என்ன வேலை?” என்று நான் கேட்டேன்.

அவர் சிரித்தார். “பிள்ளை, உது வெறுங் கோது. ஊரிலை நாங்கள் பொறுக்காத கோதே?”

ஊரில் கோது என்றால் எல்லாம் முடிந்துபோன சாமான். சண்டை நடந்த மறுநாள் பிள்ளைகள் அதைப் பொறுக்கி விசில் ஊதுவார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கணவரோ, “அண்ணை கேக்கேக்கை எப்பிடியப்பா மாட்டன் எண்டுறது?” என்று போய்க் குந்திவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். திடீரென்று ஒரு வெடி! நான் என்னை அறியாமலே நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டேன், யாழ்ப்பாணத்தில் பழகின உடம்பல்லவா. எழும்பி ஓடினால் கணவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். விரல்களுக்குள்ளால் இரத்தம் வடிகிறது.

வீட்டுக்காரர் ஓடி வந்து முதலில் பார்த்தது என் கணவரின் கண்ணை அல்ல, கோதுப் பெட்டியை. “ஐயோ, நான் புதுப் பிரைமர் போட்டு வைச்சதுகளும் உதுக்கை கலந்து போச்சு போல” என்றார். வெடிமருந்தும் போடவில்லை, குண்டும் வைக்கவில்லை. பார்த்தால் வெறுங் கோதேதான். அடியில் மட்டும் உயிர் இருந்திருக்கிறது! நாசமறுவான் என்று வாய்விட்டே திட்டினேன். வெடித்த கோது காலடியில் கிடந்தது. அந்த ஆத்திரத்தில் அதை எடுத்து என் கோட் பொக்கெற்றில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரருடைய காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகும் வழியில் சொல்கிறார்: “படியிலை விழுந்தது எண்டு சொல்லுவம். வெடி கிடி எண்டு வாயைத் திறந்தியள் எண்டால் பொலிஸ் வரும். உங்கடை கேசுக்குத்தான் கூடாது.”

கணவர் தலையாட்டினார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒழுங்காக நித்திரை கொள்ளாத காலம் அது. எங்கே அடித்தால் அடங்குவோம் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

டொக்டரிடம் வீட்டுக்காரரே ஆங்கிலத்தில் எல்லாம் கதைத்தார். வெளியே பார்க்க இமையில் சின்னக் காயம்தான். டொக்டர் துடைத்து மருந்து போட ஆயத்தமானார். அப்போது கணவர் என்னிடம் மெல்லமாக, “உள்ளுக்கை என்னவோ குத்துதப்பா” என்றார்.

கேசாவது மண்ணாங்கட்டியாவது! “நோ ஃபோல்! பாங்! பாங்!” என்று கத்திக்கொண்டு கோதை எடுத்து டொக்டருக்கு முன்னால் வைத்தேன். விழவில்லை, வெடித்தது என்று சொல்ல எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

டொக்டரின் முகமே மாறிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்ணுக்குள் மணலளவு பித்தளைத் துண்டு. அன்றைக்கே ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். விழுந்த காயமென்று கட்டுப்போட்டு அனுப்பியிருந்தால் அந்தக் கண் போயிருக்கும் என்று, மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பெண் சொன்னார்.

பொலிசும் வந்தது. கேட்டார்கள், எழுதினார்கள், போனார்கள். எங்கள் கேசுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர்தான் வெளியே நின்று, “ஒண்டுமில்லாததைப் பெரிசாக்கிப் போட்டீர்” என்றார். நான் சொன்ன பதிலை அச்சில் போட மாட்டார்கள். கொஞ்ச நாளில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்துக்கொண்டு போய்விட்டோம்.

என் கணவருக்கு இன்றும் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். அந்த மனிதரைக் கல்யாண வீடுகளில் கண்டால் சிரித்துக் கதைக்கவும் செய்வார். என்னால் முடியாது. பயப்படாதே, வெறும் சாமான்தானே என்று யாராவது எதையாவது எங்கள் கையில் தந்தால், அப்படியென்றால் நீங்களே தட்டலாமே என்றுதான் இன்றைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.